இரண்டாவது தேதி

பெயர் இருக்கட்டும், முதல் தேதியும் இருக்கட்டும்,
அடுத்ததை மட்டும் எடுத்துவிடு என்றான்.

பலெர்மோவில், மீன் சந்தைக்குப் பின்னால்,
இரண்டாம் மாடியில் இருக்கிறது எங்கள் லேசர் அறை.
வருகிறவர்கள் பெரும்பாலும் பெயரைத்தான் அழிக்கச் சொல்வார்கள்:
கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் ஒருத்தி,
போலீஸ் தேர்வுக்கு முன்னால் கழுத்தைப் பொத்திக்கொண்டு ஒரு பையன்.
அப்புறம் அந்தப் பல் டாக்டரின் மனைவி,
புருவத்தில் பச்சை குத்தி
அது நிஜமாகவே பச்சையாகிப்போனவள்.

இவன் ஒசாஸுவா. பெனின் சிட்டிக்காரன்.
துறைமுகத்தில் குளிர்பெட்டி இறக்குகிறவன்.
சட்டையைக் கழற்றி இடது மார்பைக் காட்டினான்.
எஃபோஸா.
கீழே இரண்டு தேதிகள், நடுவில் ஒரு கோடு.
படகு கவிழ்ந்ததாகச் செய்தி வந்த வாரம்
நண்பன் ஒருவன் சமையலறையில் வைத்துக் குத்தியதாம்,
ஷேவிங் மெஷின் மோட்டார், கிட்டார் கம்பி.
உடல் கிடைக்கவில்லை,
எழுத வேறு கல் ஏது என்றான்.

பதினேழு மாதம் கழித்து போன் அடித்திருக்கிறது,
திரிப்போலிச் சிறையிலிருந்து.
தம்பி முதலில் கேட்டது:
என் மஞ்சள் ஜெர்சியை யார் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்?

எட்டு முறை வர வேண்டும், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை.
கறுத்த தோலில் அவசரப்பட்டால்
மை போன இடம் வெளுத்துவிடும்,
அதே தேதி வெள்ளையில் நிற்கும்.
சொன்னேன். தலையாட்டினான்.
ரப்பர் பேண்டை இழுத்து அடிப்பது போலத்தான் வலி,
ஒரே இடத்தில், நூறு தடவை.
முடி கருகும் வாசனை.
எண்கள் மாவு பூத்தாற்போல் எழும்பி
கால் மணி நேரத்தில் அடங்கின.

நான் எதையும் அழிப்பதில்லை, உடைக்கிறேன், அவ்வளவுதான்.
மையைத் தின்று வைத்திருப்பவை உடம்பின் காவல் செல்கள்.
ஒன்று சாகும்போது விட்டதை
அடுத்தது விழுங்கிக்கொள்ளும்.
அதனால்தான் பச்சை அப்படியே கிடக்கிறது,
கைமாறிக் கைமாறி.

மூன்றாம் முறை வந்தபோது நான்கின் கை உதிர்ந்து
ஒன்றாகியிருந்தது.
பதினான்காம் தேதி செத்தவன்
பதினொன்றாம் தேதி செத்தவனானான்.
ஐந்தாம் முறை வருடமே இல்லை, வெறும் செப்டம்பர்.
வரும்போதெல்லாம் சேதி சொல்வான்:
காவலனுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது,
சிரங்கு ஆறிவிட்டது,
ஒரு பல் போய்விட்டது, எது என்று சொல்ல மாட்டேன்கிறான்.

ஆறாம் முறைக்கு மூன்று மாதம் தாமதமாக வந்தான்.
சட்டையைக் கழற்றவில்லை.
போன் இல்லை. சிறை எரிந்தது என்கிறான் ஒருவன்,
லாரியில் ஏற்றி வேறெங்கோ கொண்டுபோனார்கள் என்கிறான் ஒருவன்.
படுக்கையின் விளிம்பில் உட்கார்ந்து கேட்டான்:
இப்போது நிறுத்தினால் என்ன தெரியும்?
சட்டையை விலக்கிப் பார்த்தேன்.
கோடு திடமாக இருந்தது. அதற்கப்பால்
சாம்பல் படிந்தாற்போல் ஒரு கறை,
தெரிந்தவனுக்கு மட்டும் எண்.

திரும்ப எழுத எத்தனை நாளாகும்?
ஒரு மத்தியானம் என்றேன்.

உடைந்த மை எங்கே போகிறது என்று முன்பொருமுறை கேட்டிருந்தான்.
கொஞ்சம் மூத்திரத்தில் என்றேன், சிரித்தான்.
மீதியைச் சொல்லவில்லை.
அக்குளில், நெறி கட்டும் முடிச்சுகளுக்குள் போய்த் தங்கும்.
நாளும் மாதமும் இல்லாமல்
கறுப்பாக, கடைசிவரை.

வெகுநேரம் கழித்துப் படுத்தான்.
கோட்டைத் தொடாதே என்றான்.
கண்ணாடி மாட்டிவிட்டேன்.
போனை அணைக்கச் சொல்லிச் சுவரில் எழுதியிருக்கிறது.
சத்தத்தை முழுக்க ஏற்றி
வயிற்றின்மேல் வைத்துக்கொண்டான்.
நான் பார்க்காததுபோல்
எந்திரத்தை முடுக்கினேன்.